டிராஃப்டில் எடுத்தாச்சு, ஆடக் காணோமே: பேஸ்பால் பிட்சரின் ஆரம்ப வருடங்கள்

குமார் ராக்கர் என்ற பெயர் சில வருடங்களாக அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் வந்துபோகிறது. அப்பா அமெரிக்கக் கால்பந்து ஆடி, பிறகு பயிற்சியாளர் ஆனவர். அம்மா இந்திய வம்சாவளி. பிள்ளை பேஸ்பாலில் பிட்சர். 2022ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை நாட்டிலேயே மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போட்டதற்கே 52 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் ரேஞ்சர்ஸ் சீருடையில் அவர் முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடியது 2024 செப்டம்பரில்தான்.

இடைப்பட்ட இரண்டு வருடம் அவர் எங்கே போனார்? ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம். ஏலத்தில் எடுத்தால் அடுத்த சீசனில் ஆளை மைதானத்தில் பார்த்துவிடலாம். பார்க்க முடியவில்லை என்றால் ஒன்று காயம், இல்லையென்றால் சரக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். பேஸ்பாலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஒரு இளம் பிட்சர் நன்றாக எறிந்துகொண்டிருக்கும்போதே வேண்டுமென்றே காக்கவைக்கப்படுவார். நன்றாக எறிகிறார் என்பதற்காகவே ஓய்வில் உட்காரவைக்கப்படுவதும் உண்டு. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பிட்சரும் பவுலரும்

பிட்சரை நம் பவுலரோடு ஒப்பிட்டுத் தொடங்குவதுதான் சுலபம். வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருகிறார், கையை மடக்காமல் சுழற்றுகிறார், பந்தைத் தரையில் குத்தி அனுப்புகிறார். பிட்சர் ஓடுவதே இல்லை. மைதானத்துக்குள் 10 அங்குலம் உயர்ந்த ஒரு மண்மேடு இருக்கும். அதற்கு மவுண்ட் என்று பெயர். அதன் உச்சியில் நின்று, ஒரு காலைத் தூக்கி, முன்னால் பெரிய எட்டாக வைத்து, மடங்கிய முழங்கையை விசிறி எறிகிறார். பந்து தரையைத் தொடாமல் நேராக வரும். பேட்டர் நிற்கும் இடத்துக்கும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் தூரம் 60 அடி 6 அங்குலம், அதாவது 18 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பந்து சுமார் 0.4 நொடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்டம்பு கிடையாது. அதற்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் இருக்கிறது. அகலம் 17 அங்குலம். உயரம் பேட்டரின் முழங்காலிலிருந்து நடுமார்பு வரை. இதற்கு ஸ்டிரைக் ஸோன் என்று பெயர். பந்து இதற்குள் வந்தால் ஸ்டிரைக். வெளியே போன பந்தை பேட்டர் மட்டை வீசித் தவறவிட்டாலும் ஸ்டிரைக்தான். மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். அதை ஸ்டிரைக்அவுட் என்பார்கள். வெளியே போன பந்தை பேட்டர் தொடாமல் விட்டால் அது ஒரு ‘பால்’. ரன் எடுக்க பேட்டர் பேஸ் எனப்படும் நான்கு முனைகளையும் சுற்றிவர வேண்டும்; நான்கு ‘பால்’ ஆனால் ஹாயாக நடந்து முதல் பேஸுக்குப் போய்விடலாம். அதனால்தான் அது வாக். மூன்று அவுட் ஆனால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடிந்தது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.

பவுலரோடு பெரிய வித்தியாசம் வேலைப்பளுவில் இருக்கிறது. டி20யில் ஒரு பவுலருக்கு 24 பந்து. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது ஸ்டார்ட்டர், ஒரே ஆளாக 90, 100 பந்து வரை எறிவார். அத்தனையும் ஏறக்குறைய முழு வேகத்தில். அதன் பிறகு நான்கைந்து நாள் அவரைத் தொடமாட்டார்கள். அதனால் ஒவ்வோர் அணியும் பொதுவாக ஐந்து ஸ்டார்ட்டர்களை முறைவைத்து ஆடவிடும். நடுவில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் எறிபவர் ரிலீவர். இளம் பிட்சரில் முதலீடு செய்யும் அணி பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒரு ஸ்டார்ட்டரைத்தான்.

இதுவரை பார்த்ததில் இரண்டு விஷயம் போதும்: பிட்சர் ஒரு கற்பனைச் செவ்வகத்தைக் குறிவைத்து எறிகிறார், ஸ்டார்ட்டர் என்றால் ஒரே நாளில் நூறு பந்து எறிந்துவிட்டுப் பல நாள் ஓய்வெடுப்பவர். மீதியெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

டிராஃப்ட் என்பது ஏலம் இல்லை

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். வருடத்துக்கு ஒருமுறை, பள்ளி கல்லூரி வீரர்களை அவை வரிசையாக ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். 1965ல் தொடங்கியது. முந்தைய சீசனில் தோற்றுப்போன அணிகளுக்கு வரிசையில் முன்னிடம். 2023லிருந்து, முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் குலுக்கல். இப்போது 20 சுற்றுகள் நடக்கின்றன.

ஏலத்தில் பல அணிகள் மோதிக்கொள்வதால் விலை ஏறும். டிராஃப்டில் மோதல் கிடையாது. உங்களை ஓர் அணி எடுத்துவிட்டால் பேரம் பேசும் உரிமை அந்த ஓர் அணிக்கு மட்டும்தான். வீரர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ‘வரமாட்டேன்’ என்பது. பள்ளி முடித்தவர் கல்லூரிக்குப் போய்விடலாம். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் வருடம் முடியும் வரை, அல்லது 21 வயதாகும் வரை, மறுபடி டிராஃப்டில் நிற்க முடியாது. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளின் பையன்கள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களோடு 16 வயதிலேயே அணிகள் நேரடியாக ஒப்பந்தம் போட்டுவிடும். அது தனிக் கதை, அதுவும் அவ்வளவு நல்ல கதை இல்லை.

ராக்கரின் பாதையைப் பாருங்கள். 2018ல் பள்ளி முடித்தபோது கொலராடோ ராக்கீஸ் அவரை 38வது சுற்றில் எடுத்தது. திறமை குறைவு என்பதால் அத்தனை கீழே போகவில்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்று அவர் முடிவு செய்துவிட்டது எல்லோருக்கும் தெரியும். வரமாட்டார் என்று தெரிந்த ஆளுக்கு முதல் சுற்றை யார் வீணாக்குவார்கள்? கல்லூரியில் முதல் வருடமே, 2019 ஜூனில், டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு பேஸைப் பிடிப்பது) கொடுக்காமல் முழு ஆட்டமும் எறிந்து 19 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார். நாடே திரும்பிப் பார்த்தது.

2021ல் நியூயார்க் மெட்ஸ் அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது. சுமார் 60 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்ததாகச் செய்தி வந்தது. அப்புறம் மருத்துவப் பரிசோதனை. கையின் நிலை பற்றிச் சந்தேகம் கிளப்பி, மெட்ஸ் ஒப்பந்தமே போடாமல் விட்டுவிட்டது. விதிப்படி மெட்ஸுக்கு நஷ்டம் பெரிதாக இல்லை. அடுத்த வருட டிராஃப்டில் 11வது இடம் ஈடாகக் கிடைத்தது. ராக்கர் கையில் எதுவும் இல்லை. மேஜர் லீக் அணிகளோடு தொடர்பில்லாத ஃபிரான்டியர் லீகில், நியூயார்க் மாநிலத்தின் ட்ரை-சிட்டி வேலிகேட்ஸ் என்ற சின்ன அணிக்கு ஐந்து ஆட்டம் எறிந்தார். 20 இன்னிங்ஸ், 32 ஸ்டிரைக்அவுட். அதைப் பார்த்துவிட்டுத்தான் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. பத்தாம் இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர் மறுவருடம் மூன்றாம் இடத்துக்கு ஏறினார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அணி இங்கே காசு கொடுத்து வாங்குவது அந்தக் கை இன்னும் பத்து வருடம் தாங்கும் என்ற நம்பிக்கையை. அதனால்தான் ஒரு ஸ்கேன் படம் பல லட்சம் டாலரைக் கலைத்துவிடுகிறது.

மைனர் லீக்: நாலு படி

டிராஃப்டில் எடுத்த அணி உங்களைத் தன் மைனர் லீக் அணிகளில் ஒன்றுக்கு அனுப்பும். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நான்கு படிகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. இவற்றுக்கும் கீழே, புதிதாக வருபவர்களுக்காக அரிசோனாவிலும் ஃபிளோரிடாவிலும் பயிற்சி வளாக லீகுகள் உண்டு. 2021 மறுசீரமைப்புக்குப் பிறகு இந்த நான்கு படிகளிலும் சேர்த்து 120 அணிகள்.

நம் ரஞ்சி அணிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரஞ்சி அணிக்கு ஜெயிப்பதுதான் வேலை. மைனர் லீக் அணி ஜெயிப்பதைப் பற்றி மேலிடம் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. பிட்சர் அன்று எத்தனை பந்து எறிய வேண்டும், எந்த வகைப் பந்தை எத்தனை முறை எறிந்து பழக வேண்டும் என்பதெல்லாம் மேலே இருந்து வரும் உத்தரவு. நான்கு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் எறிந்தவரைக் கணக்கு முடிந்துவிட்டது என்று வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த ஆட்டம் அப்புறம் தோற்றால் தோற்கட்டும்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘கோடீஸ்வர வீரர்கள்’ என்ற எண்ணம் நிறைய பேருக்கு இருக்கிறது. 2023ல்தான் மைனர் லீக் வீரர்களுக்கு முதன்முதலாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. அதில் டபுள்-ஏ வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 13,800 டாலரிலிருந்து 30,250 டாலராக ஏறியது. அமெரிக்க விலைவாசியில் இது பிழைப்புக்கே இழுபறியான தொகை. ராக்கர் போல முதல் சுற்றில் வந்தவருக்குக் கையெழுத்துப் பணம் இருக்கிறது. பதினைந்தாம் சுற்றில் வந்தவருக்கு இதுதான் வாழ்க்கை. இந்தப் படிகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தை விளையாட்டு வீரராக மிதிக்காமலேயே வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. 1991ல் யாங்கீஸ் 15.5 லட்சம் டாலருக்கு எடுத்த பிரையன் டெய்லர், 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோளைச் சிதைத்துக்கொண்டு, கடைசி வரை மேலே வரவே இல்லை. 2013ன் முதல் ஆள் மார்க் அப்பெல் நடுவில் ஆட்டத்தையே விட்டுப்போய், திரும்பி வந்து, 2022ல் 30 வயதில் ஃபில்லீஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார்.

வேகம் இருந்தால் போதாதா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறான புரிதல். இதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. 2008ல் இங்கே நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டி, வேகமாகவும் குறிபார்த்தும் எறியக்கூடிய இளைஞர்களைத் தேடியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்கள் அகப்பட்டார்கள். பேஸ்பாலைப் பார்த்தே அறியாதவர்கள் சில மாதப் பயிற்சியில் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் மைனர் லீகில் ஆடவும் ஆடினார்கள். படேல் இரண்டு சீசனில் ஊர் திரும்பினார். சிங் சிங்கிள்-ஏ வரை ஏறி, காயங்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் மல்யுத்த நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டார். இருவரும் செய்தது சாதாரண சாதனை இல்லை. ஆனால் கை வேகம் கதவைத் திறந்துவிட்டதே தவிர, உள்ளே உட்கார இடம் வாங்கித் தரவில்லை.

ஏன் அப்படி? மேஜர் லீக் பேட்டர் 150 கிலோமீட்டர் பந்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை; தினமும் அதைத்தான் பார்க்கிறார். அதே பந்து அதே வேகத்தில் மறுபடி மறுபடி வந்தால் நேரம் கணித்து அடித்துவிடுவார். ஆகவே பிட்சருக்கு இரண்டாவது, மூன்றாவது பந்து வகை வேண்டும்.

அடிப்படையான பந்து ஃபாஸ்ட்பால். இரண்டு விரலைத் தையலுக்குக் குறுக்காக வைத்து எறிந்தால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி வரும். அந்தச் சுழற்சி பந்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிப்பதால், பேட்டர் எதிர்பார்த்த அளவு பந்து கீழே இறங்காது. மட்டை பந்துக்கு அடியில் போய்விடும். சுழலும் பந்தின் மேலும் கீழும் காற்று வேறு வேறாக விலகுவதால் வரும் இந்த விளைவுக்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். நம் சுழல்பந்து வீச்சாளரின் பந்து காற்றிலேயே விலகுவதும் சட்டென்று இறங்குவதும் இதே விளைவால்தான். ஸ்லைடர் என்பது பந்தை ஓரமாகப் பிடித்து எறிவது: பாதி தூரம் ஃபாஸ்ட்பால் மாதிரியே வந்து, கடைசி நேரத்தில் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகும். ராக்கரின் பெயரே இந்த ஸ்லைடரால் வந்ததுதான்.

மூன்றாவதாக சேஞ்சப். இதில்தான் நிறைய இளைஞர்கள் திணறுகிறார்கள். கை அதே வேகத்தில் சுழல வேண்டும். தோள், இடுப்பு எதிலும் மாற்றம் தெரியக் கூடாது. ஆனால் பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைப் பக்கம் தள்ளிப் பிடிப்பதால் வேகம் மணிக்கு 12, 15 கிலோமீட்டர் குறைந்து வெளியேறும். பேட்டர் முன்கூட்டியே மட்டையை வீசிவிடுவார். கையை லேசாக மெதுவாக்கினாலும் பேட்டர் கண்டுபிடித்துவிடுவார். மெதுவான பந்தை முழு ஆவேசத்தோடு எறிவது மனசுக்கு ஒப்பாத காரியம். ஆயிரக்கணக்கில் எறிந்து பழகினால்தான் வரும். அந்தப் பழக்கத்துக்கு இடம் மைனர் லீக்.

இந்த இடம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் அழகான உதாரணம் சாண்டி கோஃபேக்ஸ். 1954 டிசம்பரில் புரூக்லின் டாட்ஜர்ஸ் அவருக்கு 14,000 டாலர் கையெழுத்துப் பணம் கொடுத்தது. 4,000 டாலருக்கு மேல் வாங்கிய புதியவரை இரண்டு வருடம் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பணக்கார அணிகள் திறமைகளை அள்ளிப் பதுக்கக் கூடாது என்பதற்காகப் போட்டது. விளைவு, மைனர் லீகில் பழக வேண்டிய பையன் மேலே பெஞ்சில் உட்கார்ந்தார். (1955ல் அவருக்கு இடம் விட்டுக் கீழே அனுப்பப்பட்டவர் டாமி லசோர்டா, பிற்பாடு அதே டாட்ஜர்ஸுக்கு இருபது வருடம் மேனேஜராக இருந்தார்.) பயங்கர வேகம், குறி கிடையாது. முதல் ஆறு வருடத்தில் கோஃபேக்ஸின் கணக்கு 36 வெற்றி, 40 தோல்வி. (ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சர் பெயரில் எழுதுவது பேஸ்பால் வழக்கம்.) 1961 பயிற்சி ஆட்டம் ஒன்றில் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெர்ரி, எல்லாப் பந்தையும் முழு பலத்தோடு எறியாதே, கொஞ்சம் தளர்த்திக் குறியைப் பார் என்று சொன்னார். அதன் பிறகு 1962லிருந்து 1966 வரை மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான, டாட்ஜர்ஸ் ஆடும் நேஷனல் லீகில் மிகக் குறைந்த ரன் சராசரி ஐந்து வருடமும் அவருடையதுதான்.

யோஹான் சன்டானாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதி. ஒரு விசேஷ விதியின் கீழ் மின்னசோட்டா ட்வின்ஸ் அவரை வேறொரு அணியிலிருந்து எடுத்துக்கொண்டது. 2000 சீசன் முழுக்க மேலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம். நன்றாக அடி வாங்கினார். 2002ல் அவரைக் கீழே, எட்மன்டனில் இருந்த டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சியாளர் பாபி குவேயார், ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு சேஞ்சப்பாவது எறி என்று கட்டாயப்படுத்தினார். அந்த சேஞ்சப்தான் 2004லும் 2006லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கிக் கொடுத்தது. கீழே அனுப்புவது தண்டனை என்று நினைப்பவர்கள் சன்டானாவை நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, இந்த ஆரம்ப வருடங்களின் பாதி வேலை இதுதான்: வேகத்தோடு வந்தவருக்குக் குறியும், பேட்டரைக் குழப்பும் இரண்டு மூன்று பந்து வகைகளும் சேர வேண்டும். மீதிப் பாதி, கையை உடையாமல் காப்பாற்றுவது.

முழங்கைக்குள் என்ன நடக்கிறது

கிரிக்கெட்டில் இளம் வேகப்பந்து வீச்சாளர்களை முடக்குவது பெரும்பாலும் முதுகு. பும்ராவுக்கு நடந்ததும் அதுதான். பேஸ்பாலில் முழங்கை.

பிட்சர் எறியும்போது முதலில் இடுப்பும் மார்பும் பேட்டரை நோக்கித் திரும்பிவிடும். அந்தக் கணத்தில் முன்கை இன்னும் பின்னாலேயே, வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கும். உடல் முன்னே இழுக்க, முன்கை பின்தங்க, முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். அதைப் பிளக்கவிடாமல் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிப் பிடித்திருப்பது ஒரு சின்னத் தசைநார். சுற்றியுள்ள தசைகள் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. களைத்துவிட்டால் அவை கைவிட்டுவிடும். மொத்தச் சுமையும் தசைநார் மேல் விழும். நூறாவது பந்து பத்தாவது பந்தைவிட ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான். தசையைப் பயிற்சியால் வளர்க்கலாம். இந்தத் தசைநாரை அந்த அளவுக்கு வளர்க்க முடியாது. வேகம் கூடக்கூட, விழும் சுமைக்கும் அது தாங்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது.

தசைநார் அறுந்தால் அந்தக் காலத்தில் ஆட்டம் முடிந்தது. 1974 செப்டம்பரில் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஒரு புதுச் சிகிச்சை செய்தார். வலது கையிலிருந்து ஒரு நாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளையிட்டு, தசைநாருக்குப் பதிலாகக் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று ஜோப் சொல்லியிருந்தார். 1975 முழுக்க ஆடவில்லை. 1976ல் திரும்பி வந்த டாமி ஜான் 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இன்று அந்தச் சிகிச்சைக்கே அவர் பெயர்தான்.

இதிலிருந்து இன்னொரு தப்பான எண்ணம் முளைத்தது: டாமி ஜான் செய்துகொண்டால் முன்னைவிட வேகமாக எறியலாம் என்பது. நல்ல கையோடு இருக்கும் பையனுக்கே இதைச் செய்யலாமா என்று கேட்ட பெற்றோர்கள் உண்டு. கட்டிய நாண் வேகம் தருவதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் உடம்பைத் தயார் செய்வதும், எறியும் முறையைச் சீராக்குவதும் சிலருக்குப் பலன் தருகின்றன, அவ்வளவுதான். திரும்பிவர 12 முதல் 18 மாதம் ஆகும். பழைய நிலைக்கு வராதவர்களும் உண்டு, இரண்டாம் முறை அறுத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஸ்டீவன் ஸ்டிராஸ்பர்க் கதையில் இவை எல்லாமே இருக்கின்றன. 2009 டிராஃப்டின் முதல் ஆள்; வாஷிங்டன் நேஷனல்ஸோடு 1.51 கோடி டாலர் ஒப்பந்தம். மைனர் லீகில் 11 ஆட்டம். 2010 ஜூன் 8ல் முதல் மேஜர் லீக் ஆட்டம்: ஏழு இன்னிங்ஸ், 14 ஸ்டிரைக்அவுட், ஒரு வாக்கூட இல்லை, கடைசி ஏழு பேரும் வரிசையாக ஸ்டிரைக்அவுட். ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சேஞ்சப் எறிந்துவிட்டுக் கையை உதறினார். செப்டம்பரில் டாமி ஜான்.

2012ல் முழுசாகத் திரும்பி வந்து 15 ஆட்டம் ஜெயித்திருந்தார். அணி பல வருடங்களுக்குப் பிறகு பிளேஆஃபுக்குப் போகிறது. அப்போது, 159 இன்னிங்ஸும் சொச்சமும் ஆனவுடன், காயம் எதுவும் இல்லாத அவரை, ‘போதும், இந்த வருடத்துக்கு நிறுத்து’ என்று உட்காரவைத்தார் பொது மேலாளர் மைக் ரிஸோ. ரசிகர்கள் கொதித்தார்கள். அணி முதல் கட்டத்திலேயே தோற்றது. ரிஸோ செய்தது சரியா என்று இன்றுவரை சண்டை ஓய்ந்தபாடில்லை. என் கருத்து: நிறுத்தியது தப்பில்லை, ஆனால் 160 என்ற எண்ணுக்கு அறிவியல் ஆதாரம் இருந்ததுபோலப் பேசியது அதிகப்படி. எந்தக் கை எத்தனை பந்து தாங்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வருடத்துக்குக் கொஞ்சமாக இன்னிங்ஸை ஏற்றிக்கொண்டு போவது ஒரு ஜாக்கிரதை உணர்வு, அவ்வளவே. 2019ல் ஸ்டிராஸ்பர்க் உலகத் தொடரின், அதாவது மேஜர் லீக் இறுதிப் போட்டித் தொடரின், சிறந்த ஆட்டக்காரர் ஆனார், 24.5 கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம் கிடைத்தது. அதற்கப்புறம் எட்டே ஆட்டம்தான் ஆட முடிந்தது.

ராக்கருக்கும் 2023 மே மாதம், ஹை-ஏயில் ஆறு ஆட்டம் எறிந்த நிலையில், டாமி ஜான். இரண்டு வருடத்தில் பெரும்பகுதி போனது அங்கேதான். மெட்ஸ் கண்ட சந்தேகம் உண்மையானதா என்றால், இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பிட்சர்கள் இப்போது ஏராளம் என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் தயங்குவேன்.

ஓடத் தொடங்கும் கடிகாரம்

சரி, கை நன்றாக இருக்கிறது, மூன்று பந்தும் வந்துவிட்டது, டிரிபிள்-ஏயில் யாராலும் அடிக்க முடியவில்லை. அப்போதும் ஏன் கூப்பிடமாட்டேன் என்கிறார்கள்? இங்கே காரணம் சுத்தமாகக் காசு.

மேஜர் லீக் பட்டியலில் ஒருவர் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் கணக்கில் ஏறும். இதற்கு சர்வீஸ் டைம் என்று பெயர். 172 நாள் சேர்ந்தால் ஒரு வருடம். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2024ல் அது 7,40,000 டாலர். அடுத்த மூன்று வருடம் நடுவர் முன்னால் பேரம் பேசலாம். ஆறு வருடம் நிறைந்தால்தான் சந்தைக்குப் போய் விரும்பிய அணியோடு விரும்பிய விலைக்கு ஒப்பந்தம் போட முடியும்.

ஒரு சீசன் சுமார் 187 நாள். ஆக, இளைஞரை இரண்டு மூன்று வாரம் தாமதமாக அழைத்தால் அந்த வருடம் 172ஐ எட்டாது. ஆறு வருடம் ஏழாக நீளும். நட்சத்திரப் பிட்சரின் ஒரு கூடுதல் வருடம் மலிவாகக் கிடைக்கிறது. எந்த அணியும் இதை வாய்விட்டுச் சொல்லாது. ‘அவர் இன்னும் கொஞ்சம் பக்குவப்பட வேண்டும்’ என்பார்கள்.

வீரர்கள் சங்கத்தோடு போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டார்கள். சிறந்த புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், தாமதமாக அழைக்கப்பட்டவருக்கும் முழு வருடக் கணக்கு. பால் ஸ்கீன்ஸ் இதனால் பலன் பெற்றார். 2023 டிராஃப்டின் முதல் ஆள். 2024 மே 11 வரை பிட்ஸ்பர்க் அவரைக் கீழேயே வைத்திருந்தது. வந்தவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.96 ரன் என்ற சராசரியோடு புதுமுக விருதை வாங்க, முழு வருடமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. தாமதத்துக்கு அவர் கையைப் பாதுகாப்பதே காரணம் என்று வாதாடலாம். இளம் பிட்சர் விஷயத்தில் எது ஜாக்கிரதை, எது சிக்கனம் என்று பிரித்துப் பார்ப்பது வெளியில் இருப்பவருக்கு ரொம்பக் கஷ்டம்.

முதல் ஆட்டத்துக்கு அப்புறம்

மேலே வந்தாலும் இடம் நிரந்தரம் இல்லை. பொதுவாக மூன்று சீசன்கள் வரை ஓர் அணி இளம் வீரரை நினைத்தபோது கீழே அனுப்பி, நினைத்தபோது திரும்பக் கூப்பிடலாம். இதற்கு ஆப்ஷன் என்று பெயர். கீழே போகும் நாட்களுக்கு மைனர் லீக் கணக்கில்தான் சம்பளம்.

இப்படிப்பட்டவரை எப்படி எடைபோடுவது? செய்தியில் முதலில் வரும் எண் ஈஆர்ஏ. ஃபீல்டரின் பிழையால் வந்தவற்றைத் தள்ளிவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரி அது. 2க்குக் கீழே என்றால் அபூர்வம், 4 என்றால் பரவாயில்லை, 6 என்றால் வேலைக்கு ஆபத்து. ஆனால் பத்துப் பதினைந்து ஆட்டத்தில் இந்த எண் ரொம்பவே ஆடும். நாலு பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தால் சராசரி எகிறிவிடும். அதைவிட ஸ்டிரைக்அவுட்டையும் வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் இவை இரண்டிலும் ஃபீல்டருக்குப் பங்கே இல்லை. எண்ணிக்கையில் ஸ்டிரைக்அவுட் வாக்கைப்போல மூன்று மடங்கு இருந்தால் பையன் தேறுவார் என்று தைரியமாகக் காத்திருக்கலாம்.

ராக்கர் 2024 செப்டம்பர் 12ல் சியாட்டிலில் முதல் ஆட்டம் ஆடினார்: நான்கு இன்னிங்ஸ், ஒரு ரன், ஏழு ஸ்டிரைக்அவுட். மறுநாள் அதே மைதானத்தில் அதே அணிக்காக இறங்கியவர் ஜேக்கப் டிகிராம். இரண்டு சை யங் விருது வாங்கியவர். ராக்கருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த மறுமாதம் அவருக்கும் நடந்தது, அவருக்கு அது இரண்டாவது. டிகிராம் கல்லூரியில் பெரும்பாலும் பிட்சராகவே இல்லை, ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடினார்; 2010 டிராஃப்டில் 271 பேர் போனபிறகு எடுக்கப்பட்டார்; அதே வருடம் முதல் டாமி ஜான்.

2025ல் ராக்கருக்கு ரன்கள் கொட்டின. ஈஆர்ஏ 5ஐத் தாண்டியது, திரும்பவும் மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் நவம்பரில் அவருக்கு 26 வயது. டிகிராம் 2014 மே மாதம் முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடியபோது 26 நிறைய ஒரு மாதம் இருந்தது.